கித்தாருக்குப் பட்டி தேய்த்த வேளை

கள்ளக்குறிச்சியில் கதவும் கட்டிலும் செய்து பிழைத்துவந்த என்னிடம், வெள்ளிமலைப் பள்ளியின் வாத்தியார் ஒருவர் கித்தார் செய்யும் வேலையை ஒப்படைத்தார். அளவு பார்ப்பதற்காகத் தமது உடைந்த கித்தாரையும் விட்டுச் சென்றார். அதைப் பிரித்துப் பார்த்து, மகாகனிப் பலகைகளை மெல்லியனவாக இழைத்து, சூடு காட்டி வளைத்துக் கூடு கட்டினேன்.

மகாகனியில் மயிர்க்கால் போன்ற நுண்துளைகள் உண்டு. அவற்றை அடைக்காமல் பாலிஷ் ஏற்றினால் மெருகு நிற்காது. சாக்பவுடரும் காவியும் எண்ணெயில் குழைத்துத் துணியால் தேய்த்து அடைப்பதைப் பட்டி தேய்ப்பது என்போம். எங்கள் பட்டறையில் அது என் மனைவியின் வேலை. அவள் கை பட்ட கதவுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் சின்னசேலம் வரை இருந்தனர். அந்தப் பெயர் அவளுக்கு நகையைவிடப் பெரிது.

கதவு வேலையில், பலகையைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே பட்டி தேய்த்துவிடுவோம்; ஏற்றியபின் மூலைகளில் விரல் நுழையாது. அந்தப் பழக்கத்தில், கித்தாரின் முகப்பலகை முழுவதும் தேய்த்துவிடும்படி அவளிடம் கூறினேன். அதன்பின்னரே, தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்னும் கட்டையை அதன்மேல் பசையிட்டு ஒட்டினேன்.

சில வாரங்களில் வாத்தியார் கித்தாரோடு மலையிறங்கி வந்தார்.

"இன்னாங்க மேஸ்திரி, ஆண்டு விழா வர்றதுக்குள்ள உங்க கித்தாரு பல்லைக் காட்டிடுச்சே!"

பிரிட்ஜ் முழுதாகப் பெயர்ந்திருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். மரநார் ஒன்றுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. பழுப்புநிறப் பட்டியே தோல்போல் உரிந்து வந்திருந்தது. பசை மரத்தைத் தொடவே இல்லை என்பது விளங்கிற்று. நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"என் கை தப்புதாங்க சார். எண்ணெய் ஜாஸ்தியா பூட்டுது. இவரு இன்னா பண்ணுவாரு?"

"இல்ல சார், ஒட்டறதுக்கு முன்னாடியே தேய்க்கச் சொன்னது நான்தான். அவ மேல தப்பே கெடையாது."

வாத்தியார் சிரித்தார். "பாத்தீங்களாம்மா, வூட்டுக்காரரு உங்கள வுட்டுக் குடுக்கறாரா? குடுத்து வெச்சவங்க நீங்க."

மறுபடியும் விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். "போதுங்க மேஸ்திரி. நானும் கல்யாணம் ஆனவன்தான்."

அவ்விடத்தை மட்டும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, புதிதாக ஒட்டிக் கொடுத்தேன். கூடு முழுவதும் ஒட்டி உப்புத்தாளால் தேய்த்தபின், பிரிட்ஜ் அமரும் இடத்தைக் காகிதத்தால் மறைத்து, அரக்குப் பாலிஷை மெல்லிதாகப் பூசி, அதன்பிறகே பட்டி தேய்த்து நன்கு காயவிட்டு, காகிதத்தை உரித்த வெறும் மரத்தில் பிரிட்ஜை ஒட்ட வேண்டும். பிழை அந்த வரிசையில்தான், எண்ணெயில் இல்லை என்று அவளிடம் விளக்கினேன்.

"வாத்தியாருதான் பூட்டாரே. இன்னும் இன்னாத்துக்கு எனக்காவப் பேசிக்கினு கீறீங்க?" என்றாள், வெட்கமும் மகிழ்ச்சியுமாக.

அன்றுமுதல் அவள் எண்ணெயைக் குறைத்தே குழைத்தாள். வறண்ட பட்டி எளிதில் துளைக்குள் இறங்காது. இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். பழைய அளவே சரி என்று நான் சொன்னதையெல்லாம் அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டு வீங்கிய நாள்களில் நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அதற்கும் அவள் அண்டை வீட்டாரிடம் என்னையே புகழ்ந்தாள்.