பெரியப்பாவின் வலது கால்

எங்கள் குடும்பத்தில் பெரியம்மாவைப் பற்றி இன்றும் ஒரு பொய் உலவுகிறது. புருஷன் காலைச் சுட்டவள் என்பது அந்தப் பொய். அதைக் கிளப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள். பொய் மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. போன மாதம் ஒரு வளைகாப்பில், அப்போது பிறந்தேயிராத ஒரு பெண் அதை எனக்கே கதையாகச் சொன்னாள். சாப்பிட்ட இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது 1976ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில். வருஷத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்து, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேருவதற்கு முன் வந்த விடுமுறை அது. மாதம்தான் வெகுநாள் குழப்பமாக இருந்தது. "அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் இன்னா வெயிலு" என்று அத்தை புலம்பியது நினைவுக்கு வந்த பிறகு, மே கடைசி வாரம் என்று உறுதி செய்துகொண்டேன்.

நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, சதுரங்கப்பட்டினத்தில் இருந்தார். பக்கத்தில் கல்பாக்கத்தில் அப்போது கட்டட வேலை மும்முரம். மாமல்லபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஒரு காண்டிராக்டரின் பஸ்ஸைப் பெரியப்பா ஓட்டினார். ஓட்டினால் கூலி, ஓட்டாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. உடம்பு சரியில்லை என்று படுத்தவனின் ஸீட்டில் மறுநாளே வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த ஒரு ஸீட்டை நம்பித்தான்.

அவருக்குச் சக்கரை வியாதி இருந்தது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு டாக்டர், கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு இவருடைய சிறுநீரைக் கலந்து சூடு காட்டியிருக்கிறார். நீலம் செங்கல் நிறமாகிவிட்டதாம். அவர் கொடுத்த மாத்திரையைப் பெரியப்பா தலைவலி மாத்திரை மாதிரி, தோன்றியபோது போட்டுக்கொண்டார். முந்தின வருஷம் நான் போயிருந்தபோது காலில் எறும்பு ஊறுகிறது, எரிகிறது என்று சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். இந்தக் கோடையில் எரிச்சல் இல்லை. குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எரிவதற்குக் கூட நரம்பில் உயிர் வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது தெரியாமல் அவர் கடைத்தெருவிலிருந்து வீடு வரை நடந்து வந்ததை நானே பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன்.

"பஞ்சு மேல நிக்கிற மாதிரி கீது" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். அதற்கு வைத்தியம் சொன்னது அடுத்த தெருவில் இருந்த அத்தை, பெரியப்பாவின் தங்கை.

"கால்ல நீர் கோத்துகினு கீது அண்ணி. கல் உப்பை வறுத்து ஒத்தடம் குடு, எறங்கிடும்."

சொன்னது அத்தை என்பதை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு அத்தைக்கு அது ஞாபகமில்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் பெரியம்மா இரும்புச் சட்டியில் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டினாள். ஒத்தடம் கொடுக்கிறவர்கள் முதலில் தங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பது வழக்கம். அவளும் பார்த்தாள், ஆறட்டும் என்று ஊதினாள், பிறகுதான் வைத்தாள்.

"இன்னாடி, ஆறிப்போன மூட்டைய கொண்டாந்து வைக்கிற?"

"ஆறிப்போச்சா? என்னால கையில புடிக்க முடியல."

"உன் கையி பூங்கையி. போய் நல்லா வறுத்து எடுத்தா."

மறுபடி வறுத்தாள். அதுவும் போதவில்லை. மூன்றாம் தடவை, "வாணாங்க, தோலு பூடும்" என்றாள். பெரியப்பா மூட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டு, வலது பாதத்தை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். அழுத்திக்கொண்டே, திருக்கழுக்குன்றம் வளைவில் ஒரு லாரியை எப்படி ஒதுக்கினேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. காலை எடுத்தபோது பாதம் வேகவைத்த கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது.

காலையில் கொப்புளம். அதோடு பஸ் ஓட்டப் போனார். கொப்புளம் உடைந்தது, அதோடும் போனார். வலிக்காத புண்ணுக்கு யார் லீவு போடுவார்கள்? சில நாட்களில் வீட்டில் ஒரு வாடை வந்தது. சுண்டுவிரல் கருத்துவிட்டது. அப்போதுதான் அத்தை வந்து பார்த்தாள். என்னை அழைத்துப் போக அப்பாவும் அன்று வந்திருந்தார்.

"இது கால் சுட்ட புண்ணு. எவ்ளோ நேரம் வெச்சிருந்தா இப்பிடி வேவும்? எந்த ஆம்பளையாவது தன் கால் வேவுறது தெரியாம குந்திகினு இருப்பானா? தூங்க வெச்சுட்டுத்தான் சுட்டுருக்கா" என்றாள் அத்தை.

"நீதானே ஒத்தடம் குடுக்கச் சொன்ன?" என்றாள் பெரியம்மா.

"ஒத்தடம் சொன்னேன். கொள்ளி வெக்கச் சொன்னனா? அவளை அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பு அண்ணே. இல்லாட்டி நாளைக்குச் சோத்துல வெப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியப்பாதான் பிடுங்கி வெச்சுக்கினாரு! பெரியம்மா வாணான்னு சொல்லிச்சு, நான் பாத்தேன்!" என்று கத்தினேன். எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அது கொழந்த. தெருவுல பாண்டி ஆடிகினு இருந்துச்சு" என்றார்.

பத்து வயதில் ஒருத்தி முதல்முறையாகச் சாட்சி சொன்ன அன்றே பொய்ச்சாட்சி ஆனாள். பெரியம்மாவைப் பார்த்தேன். அவளும் என் பக்கம் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான்தான் கவனிக்கல" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றிரவு அந்த வீட்டில் சோறு தின்னவில்லை.

மறுநாள் எல்லோரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தீர்ப்பைக் காதால் கேட்க அத்தையும் வந்தாள். இளம் வயதுப் பெண் டாக்டர் ஒருவர், பெரியப்பாவைப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊசியைக் கையில் எடுத்தார்.

"குத்துறப்போ சொல்லுங்க."

குத்தினார். "தெரியுது" என்றார் பெரியப்பா. இன்னோர் இடம். "தெரியுது." எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்படியானால் இவருக்குச் சூடும் தெரிந்துதான் இருந்திருக்கிறது, அத்தை சொன்னதுதான் நிலைக்கும்! அத்தை அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன். கட்டிலின் தலைமாட்டில் நின்ற பெரியம்மா, ஊசி பாதத்தில் படும்போதெல்லாம் தன் கண்ணாடி வளையல்களை மெல்ல மேலே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அவர் "தெரியுது" என்பார்.

டாக்டரும் கவனித்துவிட்டார். ஊசியைக் காலுக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தி, குத்துவதுபோல் கையை மட்டும் ஆட்டினார். வளையல் ஒலித்தது.

"தெரியுது" என்றார் பெரியப்பா.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். "ஏம்மா இப்படிப் பண்றீங்க? இவருக்கு முழங்காலுக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. நெருப்பை வெச்சாலும் தெரியாது."

பிறகு எங்களுக்கு விளக்கினார். சக்கரை ரத்தத்தில் வருஷக்கணக்கில் ஏறிக் கிடந்தால் நரம்பைக் கெடுக்கும். நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி, அதனால் பாதம் முதலில் மரத்துப்போகும். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று உண்டு. வெட்டுப்பட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்துவது அவற்றின் வேலை. சக்கரை மிகுந்த ரத்தத்தில் அவை சும்மாவே ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். ஏற்கெனவே சுருங்கிய சின்னக் குழாய்கள் அதனால் அடைபடும். ரத்தம் போகாத விரல் கருக்கும். இதையெல்லாம் பின்னால் நான் எத்தனையோ புத்தகங்களில் படித்தேன். அந்த டாக்டர் சொன்னதைவிடத் தெளிவாக ஒன்றிலும் இல்லை.

"விரலை எடுக்கணும். இன்னிக்கே அட்மிட் பண்ணுங்க. என்ன வேலை பாக்குறார்?"

"டிரைவர்" என்றார் அப்பா.

"இனிமே ஓட்டக் கூடாது. பிரேக்குல கால் இருக்கா இல்லையான்னே இவருக்குத் தெரியாது."

இதுவும் என் காதில் விழுந்தது. மனதில் பதியவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் குதித்தேன். "பாத்தியா அத்தை! பெரியம்மா சுடல! நான் அப்பவே சொன்னேன்ல!"

பெரியம்மா என் கன்னத்தில் ஒன்று விட்டாள். வாழ்நாளில் அவள் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். அடித்துவிட்டு, பழி சுமத்தப்பட்டபோது அழாதவள், பழி நீங்கியபின் ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தை மன்னிப்புக் கேட்கவில்லை. "வளையலை ஆட்டி ஏமாத்துறவ எதுதான் செய்யமாட்டா" என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். இன்றுவரை குடும்பத்தில் ஓடுவது அந்தப் பொய்யின் இந்தக் கிளைதான்.

அத்தைமீது எனக்குக் கோபம் உண்டு. பெரியப்பாமீது அதைவிட உண்டு. உணர்ச்சியற்ற காலை ஒளித்துவைத்து, பஸ் நிறைய ஆட்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போனார், அதற்காகப் பெண்டாட்டியின் பெயரைப் பலி கொடுத்தார். உள்ளதைச் சொன்னவனுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்குக்கூட வழி வைக்காத காண்டிராக்டர்மீது இருக்கும் கோபத்தை எழுத எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை.

துணிமணியும் பாத்திரமும் எடுத்துவர அன்று சாயங்காலம் பெரியம்மா சதுரங்கப்பட்டினம் புறப்பட்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால், அவர் கால் தெரியும்படியான ஸீட்டில் அவள் உட்கார்ந்தாள். கன்னம் எரிய, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டியும் அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். டிரைவரின் வலது கால் பிரேக்கை அழுத்துவதையும் விடுவதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் இருக்கும் கோபத்தில்தான் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அங்கே பார்க்கிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று ஊர் போய்ச் சேரும்வரை அவளோடு பேசவில்லை.