வரத்துக் கால்வாயின் மறுமுனை

பொங்கல் கழிந்த வாரம் ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தேன். கோயில், அருவி எதுவும் இல்லாத பயணம். ஆசிரியர்களோ அவர்களுக்குத் துணையாகப் போகிறவர்களோ யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் திருப்பதியில் ஆசிரியர்களுக்காக நாங்கள் நடத்திய பயிற்சிக்கு சுகுணா டீச்சர் வந்திருந்தார். மழைநீர் எங்கே விழுந்து எந்த வழியாக ஓடி ஏரியில் சேர்கிறது, வழியில் எதையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது என்ற பாடத்துக்கான பயிற்சி. புத்தகத்துப் படத்தில் ஆறு பனிமலையிலிருந்து இறங்குகிறது, எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த மலையில் பாறையும் முள்ளும்தான் இருக்கிறது, ஊர் ஏரியை வைத்தே நடத்தட்டுமா என்று கேட்டார். நடத்துங்கள், நானும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வேலையில் பல வருடங்கள் ஆகிவிட்டன. பயிற்சி முடிந்து ஆசிரியர்கள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை இப்போதெல்லாம் என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை.

சென்னையிலிருந்து காலை ரயில். நகரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் ஏகாம்பரகுப்பம். சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். கோயிலுக்கா, நிலம் பார்க்கவா என்று டிரைவர் விசாரித்தார். தண்ணீர் பார்க்க என்றேன். "அதுக்கு மழைல வரணும் மேடம், இப்போ வந்து இன்னாத்த பாப்பீங்க" என்றார். பையில் இருந்த தண்ணீர்ப் பரிசோதனைப் பாட்டில்களை வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

பள்ளியில் ஏழாம் வகுப்பு தயாராக இருந்தது. அவரவர் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். பவித்ரா என்ற பெண் எழுந்து, தன் தெரு ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது, ஊர்ச் சாக்கடை முழுக்க அந்தப் பக்கம்தான் வருகிறது, அங்கே இருப்பது ஒரே ஒரு போர்வெல், அதில்தான் குடிக்கிறோம் என்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் வழியே, ஏரியிலிருந்து மேலே நடந்தோம். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். முதல் நாளே டீச்சர் பாதி தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மீதிப் பாதி குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் யாரும் கால்வாய் வழியே போவதில்லை. அங்கிருக்கும் மாந்தோப்புகளுக்கு ரோடு இருக்கிறது, வண்டியில் போய்விடுகிறார்கள். கால்வாயில் கணுக்கால் தண்ணீர். பிள்ளைகள் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள், தெளிவாக இருந்தது.

குன்றைத் திரும்பியதும் மா மரங்கள், எல்லாம் பூவில். கால்வாய் ஓரப் பள்ளத்தில் இரண்டு பேர் மருந்தடிக்கும் மிஷினையும் டிரம்மையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை நுரை பள்ளத்தை நிறைத்து, கால்வாயில் வழிந்துகொண்டிருந்தது. டீச்சர் நின்றுவிட்டார். அது அவர் கணவர் லோகநாதனின் தோப்பு. கல்யாணமாகி வந்ததிலிருந்து ரோட்டு வழியாகவே தோப்புக்குப் போய்வந்தவருக்கு, பள்ளத்துத் தண்ணீர் குன்றுக்கு மறுபக்கம் ஏரியில் போய் இறங்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

திரும்பிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன்.

"அவங்க வீட்டு சாக்கடைய எழுதிக்கினு வரச் சொன்னேன், எழுதிக்கினு வந்தாங்க. இங்க வந்து நான் திரும்பினா நல்லாருக்குமா மேடம்?"

அதற்குள் பவித்ரா கேட்டுவிட்டாள். "டீச்சர், இது உங்க தோப்புதான?"

"ஆமா, எங்க தோப்புதான். நாங்கதான் கழுவறோம். இது எங்க போவுது, நீங்க சொல்லுங்க."

"எங்க போருக்கு" என்றாள் பவித்ரா.

லோகநாதன் மரங்களுக்குள்ளிருந்து வந்தார். "இன்னா, ஸ்கூலே வந்துட்டுது? மாங்கா காய்க்க இன்னும் மூணு மாசம் கெடக்குதே" என்று சிரித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீச்சர் பிள்ளைகளை வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். லோகநாதன் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டார்.

அன்று அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். மூன்று பேர் சாப்பிட்ட இடத்தில் குழம்பு வேண்டுமா என்ற பேச்சு மட்டும்தான் இருந்தது. நான் கிளம்பிப் போன பிறகும் இந்த அமைதி இந்த வீட்டில் இருக்கும் என்ற நினைப்போடு கை கழுவ எழுந்தேன்.

மறுநாள் காலை லோகநாதனே பைக்கில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில் பேச ஆரம்பித்தார். பள்ளத்தில்தான் தண்ணீர் இருக்கிறது, அங்கேதான் கலக்குகிறோம், அங்கேதான் கழுவுகிறோம், மேலே இருக்கும் தோப்புக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் என்றார். "இருக்கறவன்ல என்ன மட்டும் பசங்க முன்னாடி நிக்க வெச்சிட்டா."

அவர் வருவதற்கு முன் டீச்சர் என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன். எங்கள் தோப்பு, நாங்கள்தான் கழுவுகிறோம் என்று சொன்னார், உங்கள் பேரைச் சொல்லவே இல்லை என்றேன். பைக் வேகம் குறைந்தது.

"தன்னையும் சேத்தா சொன்னா?"

ஆமாம் என்றேன். ஸ்டேஷனில் இறங்கியதும், வேறெப்படித்தான் கழுவுவது என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அந்த மரங்களுக்கே அடித்துவிடலாம், பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்றேன். "அப்போ மேலயே ஒரு டிரம் தண்ணி ஏத்தி வெக்கணும்" என்றார். செய்கிறேன் என்று சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி ஒரு நடைக்குப் போகிறவர்களுக்கு: ஜனவரி நல்ல மாதம், வெயில் குறைவு, கால்வாயில் நீர் இருக்கும். குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை இல்லை. எங்களிடம் இருப்பது போன்ற சாதாரணப் பரிசோதனைப் பெட்டி பூச்சிமருந்தைக் காட்டாது, அதை நம்பி நல்ல தண்ணீர் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். முதல் நாளே ஆசிரியரோடு கால்வாயின் தலை வரை, குன்றுக்கு அந்தப் பக்கமும், நடந்து பாருங்கள். அங்கே இருப்பது அவருடைய நிலமாகவே இருந்தால், பிள்ளைகளோடு மேலே போவதா திரும்புவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நான் கேட்டதுபோல முந்திக்கொண்டு கேட்காதீர்கள்.