அண்ணி தூக்கிய மான்குட்டி

குழந்தைகள் வார்டில் என் அண்ணிக்குக் 'கேள்வி அக்கா' என்று பெயர். இருபத்தாறு வருடம் நர்ஸ் வேலை. டாக்டர் ஒரு மருந்து எழுதினால், ஏன் இது என்று கேட்காமல் கொடுக்கமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். பூனை ஏன் எதிர்வீட்டுக் காரின் மேல் மட்டும் தூங்குகிறது என்று கேட்பார். அண்ணன் பதில் சொல்லி ஓய்ந்து, பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் ஐம்பதாவது வயதில் வனக்காவலர் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சின்ன வயது ஆசை. இப்போது விட்டால் இனி இல்லை என்றார். ஊருக்கு வெளியே உள்ள வனப்பூங்காவில் மூன்று வாரம் வேலை பார்க்கவிட்டு, சரிப்பட்டு வந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டுப் போனார். இரண்டே நாளில் கால்வலி என்று திரும்பிவிடுவார் என்று நான் போட்ட கணக்கு தப்பிவிட்டது.

குப்பை பொறுக்குவது, கழிவறைக்கு வழி சொல்வது, குரங்குக்கு பிஸ்கட் போடுகிறவர்களோடு மல்லுக்கட்டுவது, இதுதான் பாதி வேலை. ஆனாலும் மரங்கொத்திக்குத் தலை வலிக்காதா என்று தினம் ஒரு புதுச் சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் புல்லுக்குள் ஒரு மான்குட்டி கிடந்தது. பிறந்து இரண்டு நாள் இருக்கும். அண்ணி ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தார். தாய் கண்ணில் படவில்லை. குட்டியும் அசையவில்லை. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நர்ஸ் கை சும்மா இருக்குமா? மேல்சட்டையில் சுற்றித் தூக்கிக்கொண்டு காவலர் அறைக்கு ஓடினார்.

அங்கே இருந்த மூத்த காவலர் அண்ணியைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் திட்டவில்லை, முகம்தான் சுண்டிப்போனது. தாய்மான் குட்டியை ஒளித்துவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும், அசையாமல் கிடப்பதுதான் குட்டிக்குப் பாதுகாப்பு என்றார். குட்டியைத் தொட்டவர்களை அந்த வருடம் வேலைக்கு எடுப்பதில்லை என்பது விதி. அது அண்ணிக்கும் தெரியும். ஆனால் அப்போது அவருக்கு இருந்த பயமெல்லாம், தாய் திரும்பி வருமா என்பதுதான்.

குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, இருவரும் தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் பைனாகுலரோடு உட்கார்ந்தார்கள். குட்டி எழுந்தது, கால் பின்னி விழுந்தது. மறுபடி எழுந்து மறுபடி விழுந்தது. அண்ணி பாதி எழுந்துவிட்டார்.

"உட்காருங்கக்கா. நம்மளப் பார்த்தா தாய் கிட்டயே வராது."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாராம். ஒரு சின்ன உயிர் தவிக்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான் என்றார். வெயில் சாயும் நேரத்தில் தாய் வந்தது. குட்டியை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. கொஞ்ச தூரத்தில் நின்றது. பிறகு திரும்பி வந்து நக்க ஆரம்பித்தது. அண்ணி சத்தமில்லாமல் அழுதார்.

அறைக்கு வந்ததும் பதிவேட்டை எடுத்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் குட்டியைத் தூக்கினேன் என்று எழுதினார். மூத்த காவலர் தடுத்தார். குட்டிதான் தாயோடு சேர்ந்துவிட்டதே, வேறு யாரும் பார்க்கவும் இல்லை, எதற்கு வேலையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார்.

"வார்டுல மருந்து மாத்திக் கொடுத்துட்டா உடனே எழுதிடணும் தம்பி. இல்லன்னா அடுத்து வர்ற நர்ஸுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலைல அந்தப் பக்கம் வேற ஆள் போவாங்கல்ல?"

மூத்த காவலர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானும் வந்த புதுசுல ரெண்டு குட்டியத் தூக்கிட்டு வந்தேன்க்கா. ரெண்டும் பிழைக்கல. நான் எழுதல."

பேனாவை வாங்கி, அண்ணி எழுதியதற்குக் கீழே, ஒன்பது வருடம் தாமதமாகத் தன்னுடைய இரண்டையும் எழுதினார்.

அண்ணிக்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடம் மறுபடி வார்டுக்கே போனார். போன வாரம் யாரோ எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அந்த மூத்த காவலர். புது விண்ணப்பத்தைத் தானே நிரப்பி எடுத்து வந்திருந்தார். அண்ணி கையெழுத்து மட்டும்தான் பாக்கி.