டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வா

ட்ரமெயின் ப்ரூயிட் முதல் நாள் என் சலவை அறைக்கு வந்தபோது அழுக்குத் துணிப்பையை விடாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். மற்ற ஆட்டக்காரர்கள் வாசலில் இருக்கும் தொட்டியில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். இவன் மட்டும், இது தன்னிடமே திரும்பி வருமா என்று கேட்டான். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நான் இருபத்திரண்டு வருஷமாகத் துணி துவைக்கிறேன். என்னைத் திருடி என்று சொல்லாமல் சொன்னவன் இவன் ஒருவன்தான். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. நானும் லேசில் யாரையும் நம்புகிற ரகமில்லை.

மிசிசிப்பிக்காரன். அம்மா மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பந்தை விலாவோடு அணைத்துக்கொண்டு எதிராளிகளுக்கு நடுவே பிய்த்துக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டத்தில் இவன் வேலை. கல்லூரியில் அப்படி ஓடிப் பேர் வாங்கியும், புது ஆட்களைப் பொறுக்கும் நாளில் எந்த அணியும் இவன் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் பயிற்சிக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதாவது, வாரம் முழுக்க மற்றவர்களிடம் இடிபடலாம், ஞாயிற்றுக்கிழமை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம், வெளியூர் ஆட்டமென்றால் டிவியில். பத்து ஞாயிறு பார்த்துவிட்டான். ஒரே ஒரு ஆட்டத்தில் இறங்கிவிட்டால் போதும், அப்புறம் துரத்தினால்கூடக் கவலையில்லை என்று என்னிடம் ஒருமுறை சொன்னான்.

துரத்திவிடுவார்கள் என்ற பயம்தான் அவனைத் தின்றது. பயிற்சியாளர் திட்டினால் சந்தேகம், பாராட்டினால் அதைவிடச் சந்தேகம். மற்றவர்களின் அலமாரியில் பெயர் பலகையில் இருக்கிறது, தன்னுடையதில் மட்டும் ஒட்டுத்தாளில் இருக்கிறது, கிழிக்க வசதியாகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பான். ஒருநாள் மதியம் முகமெல்லாம் வெளிறிப்போய் வந்தான். என்னடா என்றால், சாப்பாட்டுக்கூடத்தில் அவனுக்கு மட்டும் கோழி இரண்டு துண்டு வைத்துவிட்டார்களாம்.

"எதுக்கும்மா திடீர்னு இவ்ளோ அன்பு?" என்றான்.

நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கோழித் துண்டு அன்று சாயங்காலம் வரை என்னையும் அரித்தது.

நாங்கள் எல்லாருமே பயப்பட்ட ஆள் விட்லாக். மென்மையான குரல், சட்டைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய், நடந்தால் சத்தம் வராத காலணி. யாரை நீக்குவது என்று முடிவெடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். வந்து கூப்பிடுவது மட்டும் இவர். பையன்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். "மேனேஜர் உன்னப் பாக்கணுமாம், டேப்லெட்டை எடுத்துட்டு வாப்பா" என்று அவர் சொன்னால் ஆள் காலி. அணியின் ஆட்ட முறையெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கிறது. டேப்லெட் கைமாறிவிட்டால் நீ வெளியாள்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, கோட்டுப் போட்ட ஒருவனை வைத்தியர் அறை வாசலில் பார்த்தேன். போன வருஷம் எங்களிடம் இருந்து நீக்கப்பட்ட கோவிங்டன். இவனும் பந்தோடு ஓடுகிறவன்தான். அவன் அளவில் ஒரு செட் துணி எடுத்துவைக்கும்படி எனக்குத் தகவல் வந்தது. பயிற்சிக் கூட்டத்தில் இடம் காலி இல்லை. ஒருவன் வந்தால் ஒருவன் போக வேண்டும். கணக்கு எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் ட்ரமெயின் வந்தபோது எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அணி மூன்று மணிக்குப் பேருந்தேறி விமான நிலையம் போகிறது, வெளியூர் ஆட்டம், பயிற்சிக் கூட்டத்துப் பையன்களுக்கு அதில் இடமில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று பெயர் எழுதும் வேலையெல்லாம் சனிக்கிழமை நான்கு மணியோடு முடிந்துவிடும். நான்கு மணி வரை கண்ணில் படாவிட்டால் திங்கள் வரை யாரும் அவனைத் தொட முடியாது, அதற்குள் அவர்கள் மனசு மாறலாம். இந்த அருமையான யோசனையைச் சொன்னது நான்தான். போனை அணைக்கச் சொன்னதும் நான்தான். துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால், துண்டு வண்டிகளுக்கு நடுவே அவனை உட்காரவைத்தேன்.

ஒன்றரை மணிக்கு விட்லாக் வந்தார். ப்ரூயிட்டைப் பார்த்தீங்களா என்றார். இல்லையே என்றேன்.

"டேப்லெட் அவன்கிட்டதானே இருக்கு?"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

"கார்கிட்ட போனான். ஊருக்குப் போற மாதிரி தெரிஞ்சுது" என்றேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவர் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எத்தனை பையன்களை அனுப்பிவைத்த கால்கள், கொஞ்சம் ஓடட்டுமே.

இரண்டேகாலுக்கு மறுபடி வந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. மறுபடி அதே பொய்யைச் சொன்னேன். இயந்திரத்துக்குப் பின்னால் ட்ரமெயின் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டு நாற்பதுக்கு, உலர்த்தும் இயந்திரங்களை நான் ஓடவிட்டிருந்த நேரம், சாமான்களுக்குப் பொறுப்பான கஸ் என் கதவில் தலையை நீட்டினான். விமானத்துக்குப் போகும் பெட்டியில் ஒரு சட்டை குறைகிறதாம்.

"முப்பத்தெட்டைக் குடு, சீக்கிரம்."

முப்பத்தெட்டு ட்ரமெயினின் எண். நீக்கப்போகிறவன் சட்டை எதற்கு விமானம் ஏற வேண்டும்? கேட்டேன். கஸ் அவசரத்தில் பாதியை முழுங்கிக்கொண்டு சொன்னான். முதல் ஓட்டக்காரன் ஹாலோவேக்கு வியாழக்கிழமையே தொடை பிடித்துக்கொண்டது. எதிரணிக்குத் தெரியக்கூடாதென்று பயிற்சியாளர்கள் மூச்சுவிடவில்லை. நாளைக்கு ட்ரமெயின்தான் ஓடுகிறான். பயிற்சியில் அவன் விட்டுப்போகிற இடத்தை நிரப்பத்தான் கோவிங்டனை வரவழைத்திருக்கிறார்கள். புது ஆட்டமுறையை ஏற்றிக் கொடுக்க டேப்லெட் வேண்டும், ஆளைத்தான் காணோம்.

சட்டையை அவன் பிடுங்கிக்கொண்டு போனான். இயந்திர இரைச்சலில் ட்ரமெயினுக்கு இது எதுவும் கேட்டிருக்கவில்லை. நான் இயந்திரங்களுக்குப் பின்னால் ஓடி, அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எழுந்திருடா, ஓடு என்றேன்.

ட்ரமெயின் அசையவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"விட்லாக் உங்களையும் பேசி மடக்கிட்டாரா அம்மா?"

"பைத்தியமா உனக்கு? பஸ் கெளம்பப்போவுது."

"அப்ப சட்டையைக் காட்டுங்க."

சட்டை பெட்டிக்குள் போய்விட்டது, பெட்டி லாரியில் ஏறிவிட்டது. எதைக் காட்டுவேன்? கஸ்ஸுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், அவன் அம்மா பேரில் சத்தியம் செய்தேன். என் அம்மாவை இதில் இழுக்காதீங்க என்றான். ஒருவரையும் நம்பாதே என்று ஐந்து மாதமாக அவனோடு சேர்ந்து தாளம் போட்டவள் நான். இப்போது என்னை மட்டும் நம்பு என்றால் எப்படி நம்புவான்? கடைசியில் போனையாவது உயிர்ப்பித்துப் பாரேன் என்றேன். விட்லாக்கிடமிருந்து பதினேழு அழைப்புகள். ஒரு செய்தி: நாளைக்கு நீதான் ஓடுற, எங்கப்பா இருக்க? அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அவன் ஓடிய ஓட்டத்தை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். அத்தனை பெரிய உடம்பு வண்டிகளுக்கு நடுவே உரசாமல் புகுந்து போயிற்று. ஆனால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பேருந்து வாசலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. விட்லாக் மட்டும் நின்றிருந்தார்.

"உன் பேரைத்தான் எழுதி வச்சிருந்தோம்ப்பா. அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் மாத்திட்டாங்க. கோவிங்டன் போறான். அவனுக்கு ஆட்டமுறை தெரியும், ஆளும் கண்ணு முன்னாடி இருந்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கார்கிட்ட போனான்னீங்களே?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

ட்ரமெயின் பேருந்து நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் அழுதால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"கோவிங்டனுக்குத் துணி எடுத்து வச்சது நீங்கதானே?"

"ஆமாப்பா."

"என்னை ஒளியச் சொன்னதும் நீங்க."

"டேய், எனக்குத் தெரியாதுடா. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். என் வாழ்நாளில் இதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

அவன் என் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"கார்கிட்ட போனான்னு சொன்னப்பவும் உங்க குரல் இப்படியேதாம்மா இருந்துச்சு" என்றான்.