பாதி வழியில் ஒரு நாற்காலி

பழைய போனை நான் திட்டாத நாள் கிடையாது. அவசரத்துக்கு ஒரு படம் எடுக்கப் போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்டேட் போட்டால் வைத்த இடத்தில் எதுவும் இருக்காது. நான் கேட்காத விளம்பரத்தையெல்லாம் கொண்டுவந்து திரையில் நிறுத்தும். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி வேறு ரகப் போன் வைத்திருந்தாள். தொட்டதும் ஓடும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது. ஒரு சனிக்கிழமை காந்திபுரத்துக் கடையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, அவள் வைத்திருந்த ரகத்தையே வாங்கிவிட்டேன்.

அம்மா உடுமலைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் தனியாக இருக்கிறாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடுகிற பெட்டி ஒன்றை ஸ்டார்ட்டரில் மாட்டியிருந்தோம். அதற்கான ஆப் என் போனில் இருந்தது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் கோயமுத்தூரில் உட்கார்ந்தபடி மோட்டாரைப் போடுவேன். வீட்டுப் பக்கத்துத் தொட்டி நிரம்பியதும் இன்னொரு மிஸ்டு கால் வரும், அணைத்துவிடுவேன்.

அந்த ஆப் புதுப் போனில் வராது என்பது வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் தெரிந்தது. கடையில் கேமராவைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் கேட்டிருந்தேன்.

"ரெண்டு நாள் பொறுத்துக்குங்கம்மா. அந்த ஆப்புக்குன்னே பழைய ரகத்துல ஒண்ணு வாங்கிப் போடறேன்" என்றேன் போனில்.

"அதுக்கென்ன கண்ணு, நா பாத்துக்கறேன். நீ வேலையப் பாரு."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டுவிடுவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ரெண்டு நாள் ஏழு வாரமாயிற்று. மீட்டிங் நடுவே மிஸ்டு கால் வராதது நிம்மதியாகக்கூட இருந்தது. இந்தப் போன் வந்த நேரம் தொந்தரவே இல்லை என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். இதை எழுதவே கூசுகிறது.

ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் ரூமுக்குப் போகிற வரப்பில் பாதி தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. கால்கள் மண்ணில் நன்றாகப் பதிந்திருந்தன.

"இது எதுக்குங்கம்மா இங்க?"

"மோட்டார் போடப் போறப்ப சித்த நேரம் உக்காந்துக்குவேன். ஒரே மூச்சுல போக முடியறதில்ல."

"பக்கத்துத் தோட்டத்துல சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

"அவிங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? நீதான் ரெண்டு நாள்ல வாங்கிப் போடறேன்னியே."

குத்திக் காட்டவில்லை. ஏழு வாரமும் நம்பியிருந்திருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு சேலையை இழுத்து மூடினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, உடுமலையிலேயே பழைய ரகத்தில் மலிவாக ஒரு போன் வாங்கி ஆப்பை ஏற்றினேன். வாசலில் நின்றபடியே மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. இத்தனைக்கும் அரை நாள் வேலைதான். பிறகு நாற்காலியை எடுத்து வர வரப்பில் இறங்கினேன்.

"அது அங்கயே இருக்கட்டும் கண்ணு" என்றாள் அம்மா. "மறுக்கா நீ போன் மாத்துனீன்னா வேணுமல்ல."