இடப்பக்கம் உட்கார்ந்தவள்

இதை எழுத என் கணவர் ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். "நடந்ததுக்கு மேல ஒரு வார்த்தை சேக்காத." சேர்க்கவில்லை. நேரங்களை அன்றைக்கே என் பாடக்குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம். நான் தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை. என் கணவர் ராஜலிங்கம் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சைக்கிளுக்குக்கூட ஒழுங்காகக் காற்றடிக்கத் தெரியாத மனிதர். அந்த ஆகஸ்ட் மாதம் ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு பழைய வொக்ஸ்வேகன் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஆமை முதுகு. பின்னால் எஞ்சின். தண்ணீரே தேவையில்லை, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளுமாம்.

"இத நானே பிரிச்சு நானே மாத்தப் போறேன், தவம். எந்த மெக்கானிக் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றார்.

அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கட்டுகஸ்தொட்டயில் பழைய சாமான் விற்கும் நஸீமின் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். பால் டின்களில் ஆணிகள், நட்டுகள். மண்ணெண்ணெய் விளக்குபோல மங்கி எரிந்த முன்விளக்குகளைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வோல்ட் பற்றரிக்கு மாற்றினார். அகலமான டயர் போட்டார். சைலன்சரை வெட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கார் வருவது அரை மைலுக்கு முன்பே எனக்குக் கேட்கும். டக டக டக டக...

எனக்குப் பூ வாங்க மறப்பவர், அதற்கு மெழுகு வாங்க மறக்கவில்லை. ஒரு தகரத்தின் மீது பொறாமைப்பட்டேன் என்று சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. கார் நின்ற ஷெட்டுக்குள் காலே வைப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். அதனால்தான் ஒரு விஷயம் எனக்குக் கடைசிவரை தெரியாமல் போனது.

ஒக்டோபர் கடைசியில் கார் ஓடியது. தினமும் மாலை ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு தலாத்துஓயா வரை போவார். ஆறேகாலுக்குத் திரும்புவார். என்னை ஒரு நாளும் கூப்பிடவில்லை.

நவம்பர் நான்காம் தேதி, வளைவிலுள்ள கடையில் பருப்பு வாங்கப் போனேன். கடைக்காரி றம்லத் சாமானைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், ஒங்கட மாப்புளைட கார்ல முன்னுக்கு ஒரு பொம்புள இருந்தாவே. யாரு, மதினியா?"

"எப்ப?"

"நேத்தும் கண்டேன். முந்தநாளும் கண்டேன்."

பருப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு என் கண்ணுக்கு எல்லாமே தட்டுப்பட்டது. அவர் சட்டையின் இடது தோளில் ஒரு முடி. பாதி கறுப்பு, பாதி நரை. முழ நீளம் இருந்தது. என் முடி தோளைத் தாண்டாது. இன்னொரு நாள், கார் வாசலில் வந்து நின்றபோது இடப்பக்கக் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்திருந்தது. நடுவில் வட்டமாக யாரோ கையால் துடைத்த இடம்... அவர் ஓட்டுவது வலப்பக்கம். அவர் கை அங்கே எட்டாது.

"தனியாத்தான் போனீங்களா?" என்று கேட்டேன்.

"வேற யாரு வருவா?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

ஒன்பது நாள் தூங்கவில்லை. என்னைவிட வயதானவளா? அப்படி என்ன இருக்கிறது அவளிடம்? கையும் மெய்யுமாகப் பிடிக்கத் தீர்மானித்தேன்.

நவம்பர் 13, வியாழக்கிழமை. மாலை 5.55. குடையோடு றம்லத்தின் கடையோரம் நின்றேன். நல்ல மழை.

6.08. சத்தம் கேட்டது. டக டக டக...

6.10. கார் வளைவில் வேகம் குறைந்தது. கடை விளக்கு அதன் முன்கண்ணாடியில் விழுந்தது.

அவள் இருந்தாள்.

நடுவகிடு. நெற்றியில் பெரிய குங்குமம். தோளை மூடிய சேலை. சாலையைப் பார்க்கவில்லை. என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்... எவ்வளவோ காலமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள்போல.

குடையை எறிந்துவிட்டு நடுச்சாலையில் போய் நின்றேன். கார் நின்றது. ஓடிப்போய் இடப்பக்கக் கதவை வெறியோடு இழுத்துத் திறந்தேன்.

யாருமில்லை.

இருக்கையே இல்லை.

வெறும் தகரத் தரை. நான்கு ஆணி ஓட்டைகள். அவ்வளவுதான்.

"என்ன தவம்? யாரத் தேடுற?"

"சீட்டு எங்க?"

"கழட்டி ஒரு மாசமாச்சே. நஸீம் குடுத்த புது சீட்டு என் பக்கத்துக்கு மட்டுந்தான் பொருந்துச்சு. இந்தப் பக்கத்துக்குச் சரிவரல."

ஒரு மாதமாக அங்கே யாரும் உட்கார முடியாது. நான் றம்லத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவுக்குள் பார்த்தபடியே, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

மழையில் நனைந்து நின்ற எனக்கு வேறு வழி இல்லை. பின் இருக்கையில் ஏறி, பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"செவ்வாய்க்கெழம செக் பொயின்ட்ல ஒரு ஆமிக்காரன் நோனாவோட ஐடென்டி கார்டையும் கேட்டான். பொம்புள யாரும் கூட இல்லன்னேன். லைட் அடிச்சுப் பாத்துட்டு... ஒண்ணும் பேசாம போகச் சொல்லிட்டான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா காரைக் குடுத்துரச் சொல்லுவ."

கார் மேட்டில் ஏறியது. 6.16.

இடப்பக்கக் கண்ணாடி பனிக்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் மட்டும்.

நான் அவர் தோளைப் பிடித்தேன். அவரும் பார்த்தார்.

பனியின் நடுவில் ஒரு வட்டம்... மெதுவாக... துடைபட்டது.

6.17. எஞ்சின் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

முன்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு, மிகத் தெளிவாக, ஒரு பெண் குரல். அழுத குரல்.

"யாரு இவ?"

...

இருவரும் கதவைத் திறந்துகொண்டு ஓடினோம். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று தெரியாது. காலையில் அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் போய்ச் சாவியைத் திருப்பினார்கள். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மூன்று ஞாயிறு கழித்து ஹேவாஹெட்டவுக்கு பஸ் ஏறினோம். காரை விற்றவர் கணபதி, தோட்டத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி அங்கம்மாதான் பேசினார்.

"பதினோரு வருசம் அந்தக் கார் இங்க நின்னுச்சு. நான் ஒரு நாளும் முன்னால ஒக்காரல. எடம் இருந்தாத்தானே?"

"யாருங்க அது?"

"வீரம்மா. இவருக்கு மூத்த தாரம். அவளுக்கு இந்தியாப் பிரஜாவுரிமை கெடச்சிச்சு, இவருக்கு இங்க. பின்னாலயே வர்றேன்னு சொல்லிக் கப்பல் ஏத்துனாரு. போகல. என்னையக் கட்டிக்கிட்டாரு."

"அந்தக் கார்லதான் செத்தாங்களா?"

அங்கம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்தது எனக்குத் தெரிந்த உணர்ச்சிதான். ஒன்பது நாள் நானும் அதோடு படுத்து எழும்பியவள்.

"செத்திருந்தா ஒரு தேங்காய ஒடைச்சிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவ உசுரோட இருக்கா, கோத்தகிரியில. அவ போனது எழுபத்தஞ்சுல. இவரு கார் வாங்குனது எம்பத்தாறுல. அந்தக் காரை அவ கண்ணால கண்டதே இல்ல."

எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். இந்திய முத்திரை.

"போன வாரம் வந்துச்சு. இதுக்கு அர்த்தம் புரியாம இருந்தேன். நீங்க வந்து சொன்ன பொறவுதான் புரியுது."

கடிதத்தின் தலைப்பில் தேதி இருந்தது. 14.11.97. அடியில் இவ்வளவுதான்:

'சாயங்காலம் கண்ண மூடுனா ஒங்க காருல ஒங்க பக்கத்துல இருக்கேன். நேத்து மழையில ஒரு சின்னப் பொண்ணு கதவைத் தொறந்து என்னையே மொறச்சுப் பாத்தா. அப்பறம் பின்னால ஏறி ஒக்காந்துக்கிட்டு ஒங்க தோளத் தொட்டா. யாரு இவன்னு கேட்டேன். நீங்க என்னைய விட்டுட்டு எறங்கி ஓடிட்டீங்க.'