பெட்டியில்லாமல் ஓட்டிப் பார்த்த வண்டி

1. குட்டி யானையில் வந்தது

திங்கட்கிழமை காலை, ஷட்டரைத் தூக்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு குட்டி யானை மினி லாரி எங்கள் சர்வீஸ் சென்டர் வாசலில் வந்து நின்றது. அதில் ஒரு டூரிங் பைக் படுத்துக் கிடந்தது. முன் ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கி, இடது பக்கப் பெட்டி கிழிந்து தொங்கியது. நம்பரைப் பார்க்கும் முன்பே யாருடைய வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் நான்தான் அதை ஓட்டிப் பார்த்து, ஜாப் கார்டில் ‘டெஸ்ட் ரைடு ஓகே’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன்.

புதுக்கோட்டையில் இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்தவன் நான். “பாலு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா போதும், வண்டிக்கு என்ன வியாதின்னு சொல்லிருவான்” என்று மேனேஜர் கஸ்டமர்களிடம் பீற்றிக்கொள்வார். அதைக் கேட்டு நானும் குளிர்ந்துபோய் நிற்பேன். அந்தக் குளிர்ச்சி என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும்.

வண்டியோடு வந்தவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கண் சிவந்திருந்தது.

“நீங்கதான் பாலுங்களா?”

“ஆமாங்க.”

“நான் முருகேசன். கந்தர்வக்கோட்டைங்க. இந்த வண்டிக்காரன் செல்வம் எனக்கு மச்சான். ரேவதி என் தங்கச்சி.” நசுங்கிய வண்டியைக் காட்டினார். “செத்துப் போச்சுங்க. எட்டு நாளாச்சு. கோட்டைப்பட்டினத்துக்கு இங்கிட்டு, ஈ.சி.ஆர். ரோட்டுல.”

உட்காருங்க என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

“பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்துட்டாரு. வண்டியில ஒரு கோளாறும் இல்லேன்னு எழுதிட்டாரு. ஸ்டேஷன்லேருந்து நேரா இங்கிட்டுக் கொண்டாந்துட்டேன். ஒண்ணு கேக்குறேன், இது டாப்புல என்ன ஸ்பீடு போகும்?”

“நூத்தம்பதத் தாண்டுங்க.”

“தெரியும்.” போனை எடுத்துக் காட்டினார். செல்வம் எப்போதோ ஸ்டேட்டஸில் வைத்த படம் அது. ஹெல்மெட் கேமராவில் எடுத்தது. ஸ்பீடோமீட்டரில் 151 என்று இருந்தது. “இப்படிப் பறந்துதான் எந்தங்கச்சியக் கொன்னுருக்கான். கேட்டா நூத்திப் பத்துகூடத் தாண்டலேன்னு சாதிக்கிறான். சர்வீஸ்லேருந்து விட்டப்ப வண்டி நல்லா இருந்துச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுங்க, போதும். அவங்களுக்கு ஒம்போது வயசுல ஒரு பொண்ணு இருக்குங்க. அத அவங்கிட்ட விட மாட்டோம். கோர்ட்டுல காட்டணும்.”

மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எஃப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டியதாக எழுதியிருந்தார்கள். எல்லா எஃப்.ஐ.ஆரிலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் செல்வம் அந்த வேகத்தில் போயிருக்க மாட்டார் என்று அடுக்கி வைத்த ஜாப் கார்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியும்.

2. பத்து நாளைக்கு முன்னால்

செல்வம் கறம்பக்குடியில் பேங்க் கிளார்க். டேங்கைத் துடைக்க ஒரு துணி, கண்ணாடியைத் துடைக்க வேறு துணி என்று தனித்தனியாக வைத்திருக்கும் ஆள். ‘சீமாட்டி வந்துட்டா’ என்று அவர் வண்டியை நாங்கள் கிண்டல் செய்வோம். அந்த 151கூட ஒரே ஒரு நாள், பெட்டியில்லாமல் தனியாகப் போனபோது எடுத்தது. அதை அவரே வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் காட்டியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியை விட வந்தவர் சொன்னது இது:

“அண்ணே, நான் மட்டும் போனா ஒண்ணுமில்ல. மூணு பெட்டியும் மாட்டி, ரேவதியும் பின்னால ஒக்காந்தா, நூத்தஞ்சு கிட்டப் போகையில வண்டி பின்னாலேருந்து ஆடுது. ஞாயித்துக்கிழமை தனுஷ்கோடி போறோம். நீங்க பெட்டியோட ஒரு தடவ ஓட்டிப் பாருங்கண்ணே.”

“வண்டிய நாங்க பாத்துக்குறோம் சார். பெட்டிய நீங்க பாத்துக்கங்க” என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தார்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒருமுறை ஒரு கஸ்டமர், சர்வீஸுக்கு விட்ட வண்டியின் பெட்டிக்குள் இருந்த பாஸ்போர்ட்டைக் காணோம் என்று வந்து ஆர்ப்பாட்டம் செய்தார். போலீஸ்வரைக்கும் போனார். மூன்று நாள் கழித்து அது அவர் வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. மன்னிப்புகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு மேனேஜர் ஒரு சட்டம் போட்டார். எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாகப் பெட்டிகளைக் கழற்றி ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்ட வேண்டும். கஸ்டமர் பில் கட்டி வண்டியை எடுக்கும்போதுதான் திரும்ப மாட்ட வேண்டும். ஆக, எங்கள் சர்வீஸ் சென்டரில் எந்த டூரிங் வண்டியும் பெட்டியோடு டெஸ்ட் ரைடு போனதே கிடையாது. அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். வேகத்தில் வண்டி இரண்டு விதமாக ஆடும். ஹேண்டில் மட்டும் படபடவென்று உதறினால் கோளாறு முன்னால். கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங், லூஸாகியிருக்கும். முன் டயரோ வீல் பேலன்ஸோ சரியில்லாமலும் இருக்கலாம். ஹேண்டில் உதறாமல் வண்டி மொத்தமும் மெதுவாக இடமும் வலமும் நெளிந்தால் காரணம் பெரும்பாலும் பின்னால். பாரம் பின் அச்சைத் தாண்டித் தொங்கும்போது முன் சக்கரம் ரோட்டை அழுத்துவது குறைந்துவிடும். பின் டயர் காற்றும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கும் ஒரு ஆளுக்கான அளவிலேயே இருந்தால் நெளிசல் கூடும். மெதுவாகப் போகும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது.

செல்வம் சொன்னது இரண்டாவது. நான் பார்த்தது முதலாவது. கோன் செட்டில் துளி லூஸ் இருந்தது, டைட் வைத்தேன். பின்பக்கம் காற்றையும் ஸ்பிரிங்கையும் தொடவில்லை. வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் நூற்றுப் பத்துவரை போனேன். கொஞ்சம்கூட அசையவில்லை.

சாயங்காலம் செல்வம் வந்ததும் சொன்னேன்: “சரியாயிருச்சு சார். கல்லு மாதிரி நிக்குது. தைரியமாப் போங்க.”

3. மணல் மூட்டை

முருகேசன் வந்துபோன மறுநாள் அந்த வண்டியைத் தனியாக நிறுத்திப் பார்த்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதியது சரிதான். பிரேக் இருந்தது, கோன் செட் இருந்தது, செயின் இருந்தது. கழன்றதோ உடைந்ததோ எதுவுமில்லை. பெட்டி மாட்டும் ரேக்கை செல்வம் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்திருந்தார். கம்பெனி ரேக்கைவிட ஒரு சாண் பின்னால் நீண்டிருந்தது. அன்றைக்கே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியது அது. பெட்டியைக் கழற்றும்போது நானேதான் அதன் போல்ட்டைத் திருகினேன்.

எங்கள் டெமோ வண்டியும் அதே மாடல். புதன்கிழமை விடிந்ததும் யாரிடமும் கேட்காமல் அந்த ரேக்கைக் கழற்றி டெமோ வண்டியில் மாட்டினேன். கிழிந்த பெட்டிக்குப் பதில் வேறொன்றை மாட்டி, பெட்டிகளில் ஆயில் கேன்களை வைத்தேன். பின் சீட்டில் ஆளை உட்கார வைக்க மனம் வரவில்லை. ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினேன்.

எண்பதில் ஒன்றுமில்லை. தொண்ணூற்றைந்தில் சீட்டுக்கடியில் லேசாக ஏதோ வந்தது. நூற்று மூன்றில் பின்பக்கம் நெளிய ஆரம்பித்தது. நான் அடக்க அடக்க அது கூடியது. எனக்கு எதிரில் வண்டி இல்லை, பக்கவாட்டில் கடல்காற்று இல்லை, பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு கத்த ஆள் இல்லை. என்ன வரும் என்று தெரிந்துதான் ஏறியிருந்தேன். அப்படியும் கை பிரேக்கைத் தேடிப் போனது. பிடித்திருந்தால் நானும் போயிருப்பேன். ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, டேங்க் மேல் படுத்து, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு முதல் வேலையாக மணல் மூட்டையை அவிழ்த்து இறக்கினேன்.

நடந்ததை மேனேஜரிடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“பிரேக் இன்ஸ்பெக்டரே கோளாறு இல்லேன்னுட்டாரு. நீ எதுக்குய்யா வலியப் போயித் தலையக் குடுக்குற? அந்தாளுக்கு லெட்டரும் வேண்டாம், இதுவும் வேண்டாம். வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு.”

மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று வாரம். முருகேசன் லெட்டருக்காக இரண்டு தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

4. கறம்பக்குடி

செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காலில் பிளேட் வைத்திருந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அது எனக்கு ரொம்பவும் வலித்தது.

“நூத்திப் பத்து தாண்டலண்ணே. திடீர்னு ஆட ஆரம்பிச்சுருச்சு. ரேவதி கத்துனா. நான் பிரேக்கப் புடிச்சுட்டேன்” என்றார். “யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. எல்லாரும் சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. வேகமாத்தான் போனனோ என்னவோ.”

“பாப்பா?”

“கந்தர்வக்கோட்டையில. அனுப்ப மாட்டேங்குறாங்க. போன்ல ஒரு தடவதான் பேசுச்சு. ‘எதுக்குப்பா ரேஸ் போன?’ன்னு கேட்டுச்சு. அப்பறம் பேச மாட்டேன்னுருச்சு.”

சுவரைப் பார்த்தபடியே இன்னொன்றும் சொன்னார்: “நீங்க நல்லாத்தான் செஞ்சு குடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன்.”

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரேக், காற்று, ஸ்பிரிங், மணல் மூட்டை, நூற்று மூன்று. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். “அப்ப நான் வேகமாப் போகலல்ல? போகலல்லண்ணே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அடித்திருந்தால் தேவலை.

5. கந்தர்வக்கோட்டை

அங்கிருந்து நேராக முருகேசன் வீட்டுக்குப் போனேன். முந்திரித் தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு. லெட்டர் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

பாதியிலேயே என் சட்டையைப் பிடித்துவிட்டார். “அப்ப நீயாடா? ஒரு மாசமா அவனத் திட்டிக்கிட்டுத் திரியிறோம். நீ போனக்கூட எடுக்காம ஒக்காந்துருந்தியா?”

“ஆமாங்க.”

என்ன தோன்றியதோ, சட்டையை விட்டார். உள்ளே திரும்பி, “பாப்பா, இங்க வா” என்றார். அந்தப் பெண் பள்ளிக்கூட நோட்டோடு வந்து நின்றாள். அப்பாவின் சாயல். “எங்கிட்டச் சொன்னத இதுகிட்டச் சொல்லு” என்றார் முருகேசன்.

கோர்ட்டில் சொல்வதுகூடச் சுலபம். பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உங்கப்பா ரேஸ் போகவில்லை. வண்டி ஆடும் என்று அவர் முன்னாலேயே சொன்னார். பெட்டியோட ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டார். நான் அப்படி ஓட்டிப் பார்க்காமலே சரியாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அவள் அழவில்லை. “ஏன் ஓட்டிப் பாக்கல?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் மனதில் எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தேன். மேனேஜர் சட்டம், பாஸ்போர்ட் கதை, கோன் செட். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

“மூணு பெட்டியையும் திரும்ப மாட்டப் பத்து நிமிஷம் ஆகும் பாப்பா” என்றேன்.

அவள் முருகேசன் பக்கம் திரும்பி, “மாமா, அப்பாவுக்கு போன் போட்டுக் குடுங்க” என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்தேன். அந்த வாரமே எனக்கு வேலை போய்விட்டது. கேஸ் இன்னும் நடக்கிறது. பாப்பா கறம்பக்குடியில் அப்பாவோடு இருக்கிறாள். நான் புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறேன். டூரிங் வண்டி வந்தால் டாப் ஸ்பீடைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. “எத்தனை பேர் போறீங்க, என்னென்ன ஏத்துவீங்க?” என்றுதான் கேட்கிறேன். அவர்கள் சொல்கிற பாரத்தை அப்படியே கட்டி ஓட்டிப் பார்க்கிறேன். கட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. போன வாரம் கடிகாரம் பார்த்தேன். ஏழு நிமிடம்தான் ஆனது.